மூன்று பாய்மரம் கொண்ட மத்தி

போல்மெரின் ஊரார் மத்தி வலையில் இதுவரை பிடித்த மீன்களிலேயே பெரியதற்கு மூன்று பாய்மரங்கள் இருந்தன. அதன் வயிற்றில் முந்நூறு கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். ஸ்பெயின் அரசர் இங்கிலாந்தைப் பிடிக்கப் பெரும் கப்பற்படை அனுப்பிய கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், அதை வலைக்குள் அழைத்தவர் ஜாகோ கர்னோ. அதைக் கப்பல் என்று சொன்னவர்களும் ஊரில் இருந்தார்கள். அவர்கள் ரோஸ்வார்ன் குடும்பத்தார், அல்லது அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது கர்னோ குடும்பத்தின் வழக்கமல்ல. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தால் போதும்.

கார்ன்வால் கடற்கரையில் படகில் இருப்பவனுக்கு மீன் தெரியாது. மேட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும். கோடை நடுவில் தொடங்கி இலை உதிரும்வரை மேட்டுக்காரர் பாறை உச்சியில் நின்று கடலைப் பார்ப்பார். மீன் கூட்டத்தால் நீரின் நிறம் மாறியதும் தகரக் கொம்பை ஊதி ‘ஹெவா’ என்று கூவுவார். ஊர் முழுவதும் படகுக்கு ஓடும். பிறகு இரண்டு கைகளிலும் முட்செடிக் கொத்தைப் பிடித்து வீசி, வலையை எங்கே விடுவது, எப்போது வளைப்பது, எங்கே முடிச்சுப் போடுவது என்று காட்டுவார். படகுக்காரன் மேட்டை மட்டும் பார்ப்பான், கடலைப் பார்க்கமாட்டான். இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் கொத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு குணம் இருந்தது. கர்னோ கையில் இருக்கும்போது படகு மட்டுமல்ல, மீனும் அதற்குக் கட்டுப்பட்டது. ஜாகோவின் பாட்டனார் காலத்தில் ஒரு கடல்நாயும், பிரான்சிலிருந்து மிதந்து வந்த ஒரு மதுப் பீப்பாயும், மூழ்கிப்போன ஒரு சுங்க அதிகாரியும் கொத்தின் அசைவுக்குத் திரும்பி ஒழுங்காகக் கரை சேர்ந்தார்கள். ஊரார் இதில் வியப்படையவில்லை. இதற்கெனக் கர்னோ குடும்பம் தனிப் பங்கு கேட்கவில்லையே என்பதுதான் அவர்களுக்கு நிம்மதி.

பொய்யாக ஹெவா கூவியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தைக் கோயில் படியில் வைத்துவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. அதோடு அந்தக் குடும்பத்துக்கு மேடு முடிந்தது. ரோஸ்வார்ன் குடும்பத்துக்கு அப்படித்தான் முடிந்தது; ஒரு மேகத்தின் நிழலைப் பார்த்து அவர்கள் கூவிவிட்டார்கள். அன்றிலிருந்து மேடு கர்னோவிடமும், எதிரி வந்தால் எரிக்க வேண்டிய தீக்குன்று ரோஸ்வார்னிடமும் இருக்கின்றன. அந்த மேகத்திலிருந்து கர்னோ குடும்பம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. எங்கள் மேட்டுக்காரர் நீர்மட்டத்துக்கு மேலே பார்ப்பதில்லை. வானம் நம்பத்தகுந்ததல்ல. ஜாகோ தம் ஐம்பது வயதுவரை ஒரு கோடை வானத்தையும் கண்டதில்லை. மீன் பருவத்தில் வீட்டுக்குள்ளும் கண்ணைத் தாழ்த்தியே இருப்பார். மனைவி டாம்சினின் முகத்தை அவர் குளிர்காலத்தில்தான் பார்த்தார். முகம் நெடுநாள் புதிதாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று டாம்சின் சொல்லுவாள்.

சமய விஷயத்திலும் எங்கள் குடும்பத்தின்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அரசர் ரோமைக் கைவிட்டபோது அன்றே நாங்களும் கைவிட்டோம். பிறகு வந்த அரசி ரோமுக்குத் திரும்பியபோது அன்று மாலையே திரும்பினோம். இப்போதைய ராணி மறுபடியும் புதிய வேதத்துக்கு வந்தபோது, செய்தி கொண்டுவந்த குதிரைக்காரன் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் புனிதர் படங்களைக் கழற்றிவிட்டோம். ரோஸ்வார்ன் குடும்பத்தார் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் தாமதம். மத்தி வாங்குபவர்களோ இத்தாலியிலும் ஸ்பெயினிலும் தவக்காலத்தில் இறைச்சி தொடாத கத்தோலிக்கர்கள். அதனால் ஞாயிறு ஆராதனையில் ராணியின் வெற்றிக்காக உரக்க ஜெபித்த ஊர், திங்கட்கிழமை மீன் அறையில் உப்புப் போடும்போது போப்பாண்டவரின் ஆரோக்கியத்துக்காக மெதுவாக ஜெபித்தது. இரண்டு ஜெபங்களும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மேற்கே நீர் கறுத்தது. பிறை வடிவத்தில், கடலின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, அதுவரை எந்தக் கர்னோவும் கண்டிராத அளவில் ஒரு கருமை மெதுவாக நகர்ந்து வந்தது. மேலே பறவைகள் கத்துவது கேட்டது. கூட்டம் பிறையாக வந்து பறவையும் கத்தினால் அது மீன்தான். ஜாகோ கொம்பை எடுத்து ஊதினார். அதே நேரத்தில் பக்கத்துக் குன்றில் டாம்சினின் அண்ணன் பாஸ்கோ ரோஸ்வார்ன் வானத்தோடு சேர்த்துப் பார்த்து, பாய்களையும் அவற்றில் எழுதியிருந்த சிவப்புச் சிலுவைகளையும் கண்டு, தீயை மூட்டினார். தீ நன்றாகவே எரிந்தது. ஆனால் ஹெவா கேட்ட பிறகு போல்மெரினில் யாரும் நெருப்பைப் பார்ப்பதில்லை. முன்பொரு முறை ஹெவாவின்போது ஒருவர் வீடு பற்றி எரிந்தது. மாலையில் சாப்பிடப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

கப்பற்படை கிழக்கே போய் என்ன கதிக்கு ஆளானது என்பதை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். கரையோரமாகக் கடைசியில் வந்த ‘சாந்தா பிபியானா’ என்ற சரக்குக் கப்பல் மட்டும் கிழக்கே போகவில்லை. ஜாகோ வலக்கொத்தை வீசினார், அது வலப்பக்கம் திரும்பியது. இரண்டு கொத்தையும் தாழ்த்தினார், வேகம் குறைந்தது. சுக்கான் பிடித்தவன் பின்னாளில் அழுதுகொண்டே சத்தியம் செய்தான், தான் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றதாக. படகுக்காரர்கள் மேட்டையே பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டு, மேட்டையே பார்த்துக்கொண்டு வலையை வளைத்தார்கள். நுனிகள் சேர்ந்த பிறகு நிமிர்ந்தால், தலைக்கு மேலே ஒரு மரக்கோட்டை நின்றது. அதன் விளிம்பிலிருந்து முந்நூறு பேர் குனிந்து பார்த்தார்கள். பிறகு வலைப்படகின் மூத்தவர் மேட்டை நோக்கிக் கத்தினார்.

“ஜாகோ, இது கொஞ்சம் பெருசா இருக்கேப்பா.”

“அளவு பாக்கிறது என் வேலையில்ல. முடிச்சப் போடு.”

முடிச்சுப் போட்டார்கள். கப்பலிலிருந்து ஒருமுறை பீரங்கி சுட்டார்கள். குண்டு வலையின் தக்கை மிதவைவரை போய், அங்கே ஒரு கணம் நின்று, வந்த வழியே திரும்பியது. அதற்குப் பிறகு கப்பல் தலைவர் வெட்கப்பட்டுச் சுடவில்லை. கப்பல் வலைக்குள், பிடிபட்ட மீன் சுற்றுவதுபோலவே, அமைதியாக வட்டமிடத் தொடங்கியது.

ஜாகோ மேட்டைவிட்டு இறங்கிக் கரைக்கு வந்தபோது, முகமெல்லாம் கரியோடு பாஸ்கோ ஓடி வந்தார். “மாப்ளே, நான் அங்க ஊரக் காப்பாத்தத் தீ மூட்டிக்கிட்டிருக்கேன். நீ இங்க எதிரியக் கைய ஆட்டிக் கூப்பிட்டிருக்கே.”

“நான் கூப்பிட்டது மீன, மச்சான்.”

“எங்க மீனு? ஒரு மத்தியக் காட்டு. ஒண்ணே ஒண்ணு காட்டு, நான் பேசாமப் போயிடறேன்.”

வலையில் ஒரு மத்திகூட இல்லை என்பது உண்மை. ஜாகோ அசையவில்லை. “தண்ணியில வந்துச்சு. கொத்துக்குத் திரும்புச்சு. வலைக்குள்ள நிக்குது. மீனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?”

“அதுக்குப் பாய் இருக்குய்யா.”

“நான் தண்ணிக்கு மேல பாக்கிறதில்ல.”

“ஞாயித்துக்கிழம கோயில் படியில குனிஞ்சு கொத்த வைப்பே பாரு, அப்ப நான் மேல இருந்து பாக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு பாஸ்கோ முகம் கழுவப் போனார்.

ஆகவே அது கப்பலா மீனா என்ற கேள்வியில் கர்னோ குடும்பத்தின் ஏழு தலைமுறை மேடு தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை டாம்சின் கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு, “பொறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவுல ஒரு கப்பலக் கொண்டுவந்து நிறுத்திட்டீங்க,” என்றாள். ஜாகோ மேசையைப் பார்த்தபடி “மீன்” என்றார். டாம்சின் சிறிது நேரம் அவர் உச்சந்தலையைப் பார்த்தாள். மீன் அறைப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. உப்பு அவள் கையில்தான் இருந்தது. “சரி, மீன். அப்படின்னா மீனுக்குப் பண்ற எல்லாத்தையும் நான் பண்ணுவேன். நடுவுல வந்து பாவம் பரிதாபம்னு சொல்லப்படாது,” என்றாள்.

முதலில் அது மீன் என்று ஒப்புக்கொண்டவர் ஊர்க் கோயிலின் போதகர் பொலித்தோ ஐயர். பிடிபட்ட எந்த மீனிலும் பத்தில் ஒன்று கோயிலுக்குத் தசமபாகம். இதற்காக அவர் ஊராரோடு இருபது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் என்றைக்கும் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்பது அவர் கவலை. ஆகவே ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கொத்தைக் கையில் ஏந்தி நின்ற ஜாகோவைப் பார்த்து, பங்கு பிரித்த பிறகுதான் பொய்க்கூவலா இல்லையா என்ற பேச்சு என்று சொல்லிவிட்டார். பாஸ்கோ எதிர்த்தார். “ஐயரே, கத்தோலிக்கனுக்கு எதுக்குத் தசமபாகம்?” ஐயர், வலையில் வந்ததன் மதத்தைத் தாம் இதுவரை விசாரித்ததில்லை என்றார்.

ஸ்பானியர்கள் புழுத்த ரொட்டியும் புளித்த நீரும் உண்டு களைத்திருந்ததால் எதிர்ப்பில்லாமல் நூலேணியில் இறங்கினார்கள். பெண்கள் கரையில் நின்று மீன் எண்ணும் ராகத்தில் எண்ணினார்கள். ஒன்பது வலைக்கு, ஒன்று கோயிலுக்கு. கோயில் பங்கில் விழுந்தவர்களுள் ஒருவர் பெலாயோ என்ற துறவி, கப்பலின் சாமியார். ஐயருக்கு வியர்த்தது. ரோமன் சாமியாரை வீட்டில் வைத்திருப்பவருக்கு அந்தக் காலத்தில் தூக்கு. ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதான். அன்றிலிருந்து அந்தச் சாமியார் மீன் என்பதில் பொலித்தோ ஐயரைவிட உறுதியானவர் நாட்டில் இல்லை. வீட்டுக்குள் இருவரும் மூன்று வேளையும் லத்தீனில் சண்டையிட்டார்கள். சமையல்காரிக்கு லத்தீன் தெரியாவிட்டாலும், கதவுக்கு வெளியே நின்றே யார் ஜெயித்தது என்பதைத் தட்டு வைக்கும் சத்தத்தில் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னாள்.

பாஸ்கோவின் தீயைத் தொலைவிலிருந்து பார்த்த கோட்டைத் துரை சர் ஆம்புரோஸ் வீரர்களோடு வந்து சேர்ந்தார். லண்டன்காரர். கப்பலென்றால் அது ராணிக்கு, ஆட்களென்றால் அவர்கள் தூக்குமரத்துக்கு, மீனென்றால் தமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை என்றார். இந்த மூன்றையும் பெலாயோ சாமியார் தம்மவர்களுக்கு எடுத்துச் சொன்னபோது, முந்நூறு ஸ்பானியர்களும் ஒரே குரலில் மீன் என்றார்கள். துரை சிரிக்கவில்லை. மீனென்றால் உப்பில் போடுங்கள், மனிதனென்றால் தானே ஒப்புக்கொள்வான் என்றார்.

டாம்சின் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு மீன் அறையைத் திறந்தாள். தரையில் உப்பைப் பரப்பி, ஒரு வரிசை ஸ்பானியர், மேலே உப்பு, மறுபடி ஒரு வரிசை என்று சுவர்போல எழுப்பினாள். மத்தியை அடுக்கும்போது தலை வெளியே தெரிய வேண்டும். “ஏய், தலைய வெளிய வை. கால மடக்காத, பக்கத்து மீன இடிக்குது பாரு,” என்று அவள் சொன்னது அவர்களுக்குப் புரிந்தது. அறை குளிர்ச்சியாக இருந்தது, கப்பலைப்போல ஆடவில்லை. பல நாள் தூங்காதவர்கள் தூங்கினார்கள். தாகம் என்று சிலர் முணுமுணுத்தார்கள், யாரும் மனிதன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோது மட்டும் ஒரு சங்கடம். அன்று இறைச்சி ஆகாது, மீன் மட்டும் உண்ணலாம் என்பதால், பசித்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தொடங்கினார்கள். சந்தையில் வாங்காத மீனை உண்பது பாவம் என்று பெலாயோ சாமியார் ஐயர் வீட்டு ஜன்னலிலிருந்தே தீர்ப்புச் சொல்லி அனுப்பினார்.

உப்பைக் கலைத்தபோது அவர்களின் காதுக்குப் பின்னால் செதில் முளைத்திருந்தது. ஐயர் வீட்டில் இருந்த பெலாயோ சாமியாருக்கும் முளைத்திருந்தது. முதுகு வெள்ளியாக மின்னியது. அடியில் வடிந்திருந்த எண்ணெய் நல்ல தரமானது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கோயில் விளக்கு அதில்தான் எரிந்தது, இலேசாகச் சாம்பிராணி மணத்தது என்ற ஒரே குறையோடு. வலையில் நின்ற கப்பலும் சும்மா இருக்கவில்லை. பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செதிலாகியிருந்தன. இரு விலாவிலும் பீரங்கிச் சாளரங்கள் வரிசையாகத் திறந்தும் மூடியும் செவுள்போல மூச்சு விட்டன.

ஊரார் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். துரை மட்டும் திருப்தியடையவில்லை. லண்டனில் தாம் இதைவிட வினோதமான மரவேலைகளைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். காற்றே இல்லாத ஒரு காலையில், எல்லா ஸ்பானியரையும் மறுபடி ஏற்றி, வலையைத் திறக்கச் சொன்னார். மேட்டுக்காரர் கொத்தை வீசட்டும். பேச்சைக் கேட்டுப் போனால் மீன், போகட்டும். நின்றால் கப்பல், அத்தனை பேருக்கும் கயிறு, கொத்து பாஸ்கோவுக்கு. கோயில் பங்கைத் தரமுடியாது என்று ஐயர் வாசலில் குறுக்கே நின்றதால் முப்பது பேர் கரையில் தங்கினார்கள்.

ஜாகோ மேட்டில் ஏறினார். பாஸ்கோ பக்கத்திலேயே நின்றார், வாங்கிக்கொள்ள வசதியாக. வலை திறந்தது. ஜாகோ இரண்டு கொத்தையும் கடல் பக்கம் வீசினார். அது அசையவில்லை. மறுபடி வீசினார். சாளரங்கள் திறந்து மூடின, அவ்வளவுதான். துரை கயிற்றுக்காரனைத் திரும்பிப் பார்த்தார். பாஸ்கோ கையை நீட்டினார். ஜாகோவின் கொம்பு இடுப்பில் கட்டியபடியே இருந்ததைக் கரையிலிருந்து டாம்சின் பார்த்தாள்.

“ஏங்க, கூவாம வீசினா எந்த மீனு திரும்பும்? உங்களுக்கே நம்பிக்கை இல்லேன்னா அதுக்கு எப்படி வரும்?”

“தங்கச்சி, நீ எந்த வீட்டுப் பொண்ணு?” என்று பாஸ்கோ மேட்டிலிருந்து கேட்டார்.

“உப்புப் போட்டவ நான், அண்ணே. என் உப்புல கப்பல் எதுவும் ஊறல.”

ஜாகோ கொம்பை எடுத்தார். ஒரு பருவத்தில் இரண்டாவது முறையாகத் தம் ஏழு தலைமுறையையும் பணயம் வைத்து ஊதி, ஹெவா என்று கூவினார். ஊர் பழக்கப்படி படகுக்கு ஓடியது. காவல் நின்ற வீரர்கள் ஓடினார்கள், கயிற்றுக்காரன் ஓடினான், சர் ஆம்புரோஸின் கால்களும் அவரைக் கேட்காமல் முழங்கால் தண்ணீர்வரை ஓடின. அவர் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘சாந்தா பிபியானா’வின் உடலில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. பாய்கள் முதுகோடு துடுப்பாக மடிந்தன. சாளரங்கள் மூடின. மூக்கைத் தாழ்த்தி, முந்நூறில் முப்பது குறைய அத்தனை பேரோடும் நீருக்குள் போய்விட்டது. பாஸ்கோ “மூழ்கிப்போச்சு, கப்பல்தான்” என்று தொடங்கினார். அவர் வாயை மூடுவதற்குள் முனைக்கு அப்பால் அது மேலே வந்து, தண்ணீரை உயரமாக ஊதிவிட்டு, தெற்கே திரும்பியது. மேல்தளத்திலிருந்து பலர் கையை அசைத்தார்கள், சிலர் வாலை.

துரை செருப்பிலிருந்து நீரைக் கொட்டிவிட்டு, போல்மெரினில் மீனைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கோட்டையில் வாய்மொழியாகச் சொன்னார். கொத்து எங்கள் வீட்டுச் சுவருக்குத் திரும்பியது. கோயில் பங்கு முப்பது பேரும் ஊரில் தங்கிப் படகோட்டினார்கள். கடலில் தவறி விழுந்தால் அவர்களைத் தேடுவதில்லை, மாலையில் தாங்களே வருவார்கள். பெலாயோ சாமியார் ஐயர் வீட்டிலேயே முதுமையடைந்தார். செதில் காயாதிருக்க அவ்வப்போது அவர் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஐயர்தான் ஊற்றுவார். ஊற்றும்போது ஜெபம் எதுவும் சொல்லக்கூடாது, சொன்னால் அது ஞானஸ்நானம் ஆகிவிடும் என்பது சாமியாரின் நிபந்தனை. “உதடு அசையுது ஐயரே,” என்பார் சாமியார். “குளிருதுய்யா, அதான்,” என்பார் ஐயர். இப்படியே பதினேழு வருடம் போனது. சாமியார் இறந்தபோது எந்த மதத்தில் இறந்தார் என்பதை ஐயர் யாருக்கும் சொல்லவில்லை. அவரைக் கடலில் விட்டார், கரையில் நெடுநேரம் நின்றார்.

அந்தப் பெரிய மீன் ஒவ்வொரு கோடையும் மத்திக் கூட்டத்தோடு வந்தது. முதல் வருடம் பாஸ்கோ பாய்களைக் கண்டு தீயை மூட்டினார். பாதி கார்ன்வால் ஈட்டியோடு ஓடி வந்து, கடலில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மீனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர்கள் வழியில் பாஸ்கோவைப் பற்றிப் பேசியது அவர் காதுக்கும் வந்தது. அடுத்த வருடம் அவர் விறகை அடுக்கினார், தீ வைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் அடுக்கவும் இல்லை. ஆனாலும் அதை மீன் என்று அவர் வாயால் சொன்னதில்லை. ஜாகோவும் கேட்டதில்லை. பண்டிகைகளில் ஒரே மேசையில் அமர்ந்து, டாம்சின் வைத்ததைத் தின்றுவிட்டு, கால்நடைகளைப் பற்றிப் பேசினார்கள்.

இருவரும் முதியவர்களான பிறகு, காற்று ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜாகோ மேட்டில் நின்றிருந்தார். நீரில் அந்தப் பழகிய கருமை வந்தது. அதற்குப் பின்னால் சிறியதாக இன்னும் ஐந்தாறு கருமைகள் வந்தன. பக்கத்துக் குன்றில் பாஸ்கோ தடியை ஊன்றி எழுந்து, கண்ணுக்குமேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு படகளவு. பாய்கள் இன்னும் முழுதாக விரியவில்லை. சிலுவைகள் வெளிறிய இளஞ்சிவப்பு. பிறகு பள்ளத்தைத் தாண்டி அவர் குரல் வந்தது.

“மாப்ளே, குஞ்சு பொரிச்சிருக்குடா.”

ஜாகோ தலையை நிமிர்த்தவில்லை. இரண்டு கொத்தையும் உயர்த்தி, வலையைத் திறந்து வைக்கும்படி காட்டினார். சிறியவற்றை வளர விடுவது எங்கள் ஊர் வழக்கம்.